எங்கள் உளுந்துக் கொல்லைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஊர்க்காரர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

இந்த மார்கழியில் எங்கள் செம்மண் கொல்லையில் உளுந்து ஏக்கருக்கு நாலு மூட்டை கண்டது. இரண்டு தேறினாலே பெரிது என்றிருந்த மண். பார்க்கிறவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அது போய்ச் சேரவேண்டியது வேறு ஆட்களுக்கு. அதனால்தான் இந்த மடல்.

சித்திரையில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆடு ஓட்டி வந்த கீதாரி அண்ணன், ராத்திரியில் ஆடுகளைக் கொல்லையிலேயே அடைத்து ஆட்டுக்கிடை போட்டார். ராத்திரிக்கு ராத்திரி கிடையை நகர்த்தி, ஒரு மூலை விடாமல் புழுக்கையும் மூத்திரமும் விழச் செய்தார். "விடிஞ்சதும் உழுதுருங்க தம்பி, வெயில்ல சத்துப் போயிரும்" என்று எழுப்பிவிட்டதும் அவர்தான். கண்மாய் வண்டலை டீசல் காசுக்கே அடித்துக் கொடுத்த மேலத்தெரு மாமாவுக்கும் நன்றி.

வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தார் மண் பரிசோதனை முடிவை உட்காரவைத்து விளக்கினார்கள். நம் பக்கத்துச் செம்மண்ணில் உள்ள இரும்பு, போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பயிருக்கு விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மட்கிய எரு சேரச் சேர அந்தப் பிடி தளருமாம். எருவா ரசாயன உரமா என்று நாம் டீக்கடையில் போடும் சண்டைக்கு எனக்கு அங்கேயே பதில் கிடைத்தது: இரண்டும் வேண்டும். அடியுரமாக ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 10 கிலோ, மணிச்சத்து 20, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 10 என்று கணக்குப் போட்டுத் தந்தார்கள். 8 கிலோ விதையை ரைசோபியம் என்ற வேர் முடிச்சு நுண்ணுயிர் கலந்த ஆறிய கஞ்சியில் புரட்டி நிழலில் உலர்த்தவும் சொன்னார்கள்.

அப்புறம், விதை ஊன்றிய அக்காமார்கள். என்னைக் கேட்டால், இந்த விளைச்சலில் பெரும்பங்கு அவர்களுடையது. நம் ஊரில் உளுந்தை வீசித்தான் விதைப்போம். இவர்கள் கயிறு பிடித்து, ஓர் அடிக்கு ஒரு வரிசை, வரிசையில் நாலு அங்குலத்துக்கு ஒரு விதை என்று குனிந்த முதுகு நிமிராமல் ஊன்றினார்கள். சதுர மீட்டருக்கு 33 செடி. இரட்டையாக முளைத்த இடத்தில் ஒன்றைப் பிடுங்கச் சொன்னதும், "முளைச்ச பயிரை எப்படிப்பா பிடுங்குறது?" என்று அத்தை தயங்கினார். பிறகு மற்றவர்கள் விட்டதையும் அவரே தேடிப் பிடுங்கினார். வரிசைக்குள் களைக்கொத்து தாராளமாகப் போனது. வெளிச்சம் அடிவரை விழுந்து, அடிக்கிளையிலும் காய் பிடித்தது.

பூ எடுக்கும் முன் வந்த உதவி வேளாண்மை அலுவலர் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தார். வேரை வாய்க்காலில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சு பயிருக்குச் சேர்க்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டிஏபி உரம் 4 கிலோவை முதல்நாளே தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை வடித்து, 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு தடவையும் 15 நாள் கழித்து மறுபடியும் தெளித்தது அண்ணன் மகன். கூலி என்று ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

எல்லார் வீட்டுக்கும் பொங்கலுக்குள் ஒரு மரக்கால் உளுந்து வந்து சேரும். கீதாரி அண்ணே, வருகிற சித்திரைக்குக் கிழக்குக் கொல்லையும் கிடை போடச் சும்மா இருக்கிறது. கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
புதுக்கோட்டை மாவட்டத்து உளுந்து விவசாயி