தம்பிக்கு ஹெல்மெட்

பேர்ண், சுவிஸ்
கார்த்திகை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட கடிதம் வந்து மூண்டு கிழமை. பதில் எழுதேல்லை எண்டு கோவிக்காதையுங்கோ, வேலை கூட. நான் நல்ல சுகம். லட்சுமியக்காவின்ர மகனிட்டக் குடுத்துவிட்ட மிளகாய்த்தூள் வந்து சேந்தது. போத்தலைத் திறந்த உடன அறை முழுக்க எங்கட அடுப்படி மணம்.

தம்பி மோட்டார்சைக்கிள் எடுத்திட்டான் எண்டு எழுதியிருந்தியள். அதே கிழமை எனக்கும் பொலிசிலயிருந்து ஒரு கடிதம். மணிக்கு 30 கிலோமீற்றரில ஓட வேண்டிய தெருவில 43இல ஓடியிருக்கிறன். கருவிப் பிழைக்கெண்டு 5ஐக் கழிச்சு 38 எண்டு கணக்கெடுத்திருக்கினம். 8 கூட, அதுக்கு 120 பிராங் தண்டம். 50இல போற இடத்தில 100இல ஓடினால் சிறைக்கும் போகவேண்டி வரலாமாம், 2013இல வந்த சட்டம்.

கடிதத்தை மேல்வீட்டுக் கிழவரிட்டக் காட்டினன். அவர் ஒரு மாதிரியான ஆள். பென்சன் எடுத்தும் வீட்டில இருக்கமாட்டார். இந்தக் குளிரிலயும் ஒரேஞ்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தடி மஞ்சள் கடவையில, பிள்ளையள் றோட்டைக் கடக்க உதவிக்கு நிப்பார். வாசிச்சுப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை. "நாளைக்குக் காலமை என்னோட வா" எண்டார்.

போனன். ஏழரைக்கும் வடிவாய் விடியேல்லை. நாலு, அஞ்சு வயசுப் பிள்ளையள், தாய்தேப்பன் இல்லாமல் தனிய வருகுதுகள். கழுத்தில ஒரேஞ்ச் பட்டி, முன்னுக்கு முக்கோணமாய்த் தொங்கும், கார் வெளிச்சம் பட்டால் மின்னும். விளிம்பில வந்து நிண்டு, ஓட்டுறவன்ர முகத்தைப் பாக்கேல்லையம்மா, சில்லைப் பாக்குதுகள். சில்லு முழுசாய் நிண்ட பிறகுதான் கால் வைக்குதுகள். நில், பார், கேள், நட எண்டு பாலர் வகுப்புக்கே பொலிஸ்காரர் வந்து பழக்கிறவையாம். நான் 43இல போனது அந்தக் கடவையாலதான். எனக்குக் கை நடுங்கிப் போச்சு.

காசுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மாசம் அனுப்புறது மட்டும் ஒரு கிழமை பிந்தும், வங்கியில ஏதோ திருத்த வேலையாம்.

தம்பியிட்டச் சொல்லுங்கோ. ரண்டு பஸ் போட்டிக்கு ஓடினதிலதானே சின்ன மாமாவைச் சந்தியில குடுத்தனாங்கள். அந்த ஏ9 றோட்டாலதான் இவன் தினமும் யாழ்ப்பாணம் போய் வரப்போறான். ராவில கண்ணை மூடினால் நானும் அந்த றோட்டிலதான். கரியரில நீங்கள், உங்கட மடியில பிலாப்பழம், சைக்கிள் கொடிகாமம் சந்தைக்குப் போகுது. முழிச்சால் யன்னலில பனி.

சரி, அதை விடுங்கோ. கிழக்கு வேலிக் காணி உறுதியைப் பெரியண்ணை வராமல் ஒருத்தரிட்டயும் குடுக்காதையுங்கோ. மாமரத்தை இந்த முறையும் குத்தகைக்கு விடலாம், ஆனால் காசு முன்னுக்கு வாங்குங்கோ. தங்கச்சியின்ர சாதகக் கொப்பியையும் அனுப்பிவிடுங்கோ, இங்க ஒரு நல்ல இடம் கேக்கினம். ஹெல்மெட்டுக்குக் காசு தனிய அனுப்புவன். நல்லதாய்ப் பாத்து வாங்கச் சொல்லுங்கோ. நாடிவார் பூட்டாமல் அவனைப் படலை தாண்ட விடாதையுங்கோ.

அன்பு மகன்,
ரவி