‘அப்டேட் செய்யவும்’ என்றால் எங்கே செய்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஃபோனில் செயலிகள் திடீரென நின்றுபோவதைப் பற்றிய வாசகர் குறைகளைப் படித்தோம். புது ஃபோன் விற்பதற்கான சதி என்று சிலர் எழுதியிருந்தார்கள். சதி குறைவு, அசட்டை அதிகம் என்பதே ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கும் தொழிலில் இருக்கும் எங்கள் கருத்து.

எந்த ஆண்ட்ராய்டு பதிப்போடு நிறுத்துவது என்பதைப் பல நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பார்த்து முடிவு செய்கின்றன. பயனர் சதவீதம் ஒன்றுக்குக் கீழே வந்தால் வெட்டு. 2023-இல், பல செயலிகளுக்குப் பின்னணியில் உதவும் பிளே சர்வீசஸ் என்ற தன் சேவையை ஆண்ட்ராய்டு 4.4-க்கு (கிட்கேட்) நிறுத்தியபோது கூகுளும் இதே 1 சதவீதக் கணக்கைத்தான் சொன்னது. உலகம் முழுவதற்குமான ஒரு சேவைக்கு அது பொருந்தும். மின் கட்டணம் கட்டும் செயலிக்கு அதே கோட்டைப் போடுவது சரியில்லை. புது ஃபோனுக்கு மாறிய மகனின் பழைய ஃபோன்தான் அம்மா கைக்குப் போகிறது. கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: திறந்ததும் கிராஷ் ஆகி, வெறுத்துப்போய் செயலியை நீக்கியவர் அடுத்த மாதக் கணக்கில் வருவதே இல்லை. நாமே விரட்டிவிட்டு, ஆள் குறைந்துவிட்டது என்று காரணம் காட்டுவது போலாகிவிடும். எனவே நிறுவல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கடந்த 30 நாளில் பதிப்புவாரியாக எத்தனை பேர் பணம் கட்டி முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று பார்க்க வேண்டும்.

நிறுத்துவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஆண்ட்ராய்டு 6.0-க்குக் கீழே தகவலை மறையாக்கும் ஏஇஎஸ் முறைக்கான சாவியை, ஃபோனின் பாதுகாப்புப் பெட்டகமான கீஸ்டோருக்குள் பூட்டிவைக்க வழியில்லை. கைரேகைக்குப் பொதுவான ஏபிஐயும் (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) கிடையாது. பணம் கையாளும் செயலி அதற்குக் கீழே இறங்க மறுத்தால் குறை சொல்ல முடியாது. செயலி எழுதுவோருக்குக் கூகுள் தரும் ஆயத்த நிரல்தொகுப்புகளான ஜெட்பேக் நூலகங்களும் 2025 ஜூன் முதல் புதிய வெளியீடுகளில் 6.0-ஐத்தான் அடிமட்டமாக வைத்திருக்கின்றன. கட்டணப் பக்கத்தை வெப்வியூவில் (செயலிக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டும், குரோமோடு சேர்ந்து வரும் பகுதி) திறக்கும் செயலிகளுக்கு இன்னொரு கெடு: ஆண்ட்ராய்டு 8, 9 ஃபோன்களுக்குக் குரோம் 138-தான் கடைசி. அதற்குமேல் பாதுகாப்புத் திருத்தம் வராது.

சாக்குகள் வேறு. ‘பிளே ஸ்டோர் கட்டாயப்படுத்துகிறது’ என்பது அதிகம் கேட்கும் சாக்கு. 2025 ஆகஸ்ட் 31 முதல் அது கேட்டது டார்கெட் எஸ்டிகே 35, அதாவது செயலி எந்த ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப எழுதப்பட்டது என்ற எண். செயலி ஓடும் மிகப் பழைய ஆண்ட்ராய்டைக் குறிக்கும் மினிமம் எஸ்டிகே அதிலிருந்து வேறு எண். அது 23-லேயே (ஆண்ட்ராய்டு 6.0) இருக்கலாம். ‘தேதி, நேரத்தைக் கையாளும் புதிய நிரல் வகுப்புகளுக்கு ஆண்ட்ராய்டு 8 வேண்டும்’ என்பது இன்னொன்று. புதிய நிரலைப் பழைய ஃபோனிலும் ஓடும்படி மாற்றித்தரும் டிஷுகரிங்கை இயக்கினால் தீர்ந்தது. ஏதோ ஒரு நூலகம் கூடுதல் மினிமம் கேட்டு பில்ட் (நிரலைச் செயலியாகத் தொகுப்பது) நின்றால், சிலர் செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் ‘ஓவர்ரைடு லைப்ரரி’ என்று ஒரு வரி போட்டு வாயடைத்துவிடுகிறார்கள். பில்ட் ஓடிவிடும், அந்த நூலகம் அழைக்கப்படும் நிமிடத்தில் பழைய ஃபோனில் செயலி விழும். ஆதரிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இப்படி ஏமாற்றுவதற்குப் பதில் நேராகவே நிறுத்திவிடலாம்.

நிறுத்தும் எண்ணமே இல்லாமலும் ஃபோன்கள் வெளியே தள்ளப்படுவதுண்டு. சர்வர் உண்மையானதுதான் என்று ஃபோனுக்குக் காட்டும் சான்றிதழை இலவசமாகத் தரும் அமைப்பு லெட்ஸ் என்கிரிப்ட். அதன் சான்றிதழ்களை ஃபோன் நம்புவதற்கு அடிப்படையான மூலச் சான்று ஆண்ட்ராய்டு 7.1.1-இலிருந்துதான் ஃபோனிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய ஃபோன்களைத் தாங்கிப் பிடித்த குறுக்குக் கையொப்பம் (அந்த ஃபோன்கள் ஏற்கெனவே நம்பிய வேறொரு அமைப்பின் கையொப்பம்) 2024 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. சர்வர் நன்றாக ஓடும், ஃபோனில் சிக்னல் இருக்கும், செயலி மட்டும் ‘இணைய இணைப்பு இல்லை’ என்று காட்டும். பயனர் ஃபோனை அணைத்துப் போடுவார், சிம்மைக் கழற்றி மாட்டுவார், கடைசியில் ரீசார்ஜும் செய்து பார்ப்பார். 7.0-இல் அந்த மூலச் சான்றைச் செயலிக்குள் வைத்து, எந்தச் சான்றுகளை நம்பலாம் என்று சொல்லும் நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பில் சுட்டினால் போதும். 6.0-இல் அந்தக் கோப்பு வேலை செய்யாது. நம்பிக்கைச் சரிபார்ப்பை நிரலிலேயே எழுத வேண்டும். எப்படியானாலும், சான்றிதழ் பிழையை ‘இணைப்பு இல்லை’ என்று காட்டாதீர்கள்.

எங்களை அதிகம் எரிச்சலூட்டுவது கட்டாய அப்டேட் திரை. செயலியைத் திறந்தால் ‘புதிய பதிப்புக்கு மாறவும்’ என்று வழிமறிக்கிறது. பொத்தானைத் தொட்டால் பிளே ஸ்டோர் திறக்கிறது. அங்கே அப்டேட் பொத்தான் இருக்காது, ‘ஓப்பன்’ மட்டும் இருக்கும். தொட்டால் மறுபடி அதே திரை. சர்வர் செயலியின் பதிப்பை மட்டும் பார்க்கிறது, ஃபோனின் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்ப்பதில்லை. புதிய வெளியீடோ மினிமத்தை உயர்த்தியதால் அந்த ஃபோனுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு கோரிக்கையோடும் எஸ்டிகே எண்ணையும் அனுப்பினால், தகுதியில்லாத ஃபோனுக்கு வேறு பதில் தரலாம்: ‘இந்த ஃபோனுக்கு இனி அப்டேட் வராது. இப்போதுள்ள செயலி இந்தத் தேதி வரை வேலை செய்யும். அதன்பின் இணையதளத்திலோ கவுன்டரிலோ கட்டலாம்.’

இந்த ஏற்பாடு மினிமத்தை உயர்த்துவதற்கு முந்தைய வெளியீட்டிலேயே இருக்க வேண்டும். அதை வெளியிட்டு இரண்டு, மூன்று மாதமாவது விட வேண்டும். பழைய ஃபோன்காரர்கள் வைஃபை கிடைக்கும்போதுதான் அப்டேட் செய்கிறார்கள். மினிமத்தை உயர்த்திய பிறகும் பழைய செயலி பேசும் சர்வர் ஏபிஐயை உடனே அணைக்கக் கூடாது. ஆறு மாதம் ஓடவிட்டு, எண்ணிக்கை குறைவதைப் பார்த்து மூடலாம். பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் மட்டும் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மினிமம் உயர்ந்தபின் பழைய ஃபோனில் செயலியை நீக்கினால் பிளே ஸ்டோரிலிருந்து திரும்பப் போட முடியாமல் போகலாம். ‘அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுங்கள்’ என்று உதவி மையத்தில் சொல்லிப் பழகியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அறிவிப்பில் ‘ஆண்ட்ராய்டு 7-க்குக் கீழ்’ என்று மட்டும் போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. செட்டிங்ஸில் ‘அபவுட் ஃபோன்’, அதற்குள் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ என்று பார்க்கும் இடத்தையும் சேர்த்துப் போடுங்கள். நிறுத்தும் தேதி, கட்டணத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய வாரத்தில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆண்ட்ராய்டு செயலி உருவாக்குநர்கள் இருவர்,
கோவை.