பக்கத்துக் காம்பரா பெரியம்மாவுக்கு

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள். பக்கத்தில் தூங்குகிறாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

அந்த மழையில் மேட்டு ரோடு வரை வந்த 1990 இலக்க அம்பியூலன்ஸ்காரர்கள், நுவரெலியா வாட்டில் சிங்களத்திலேயே எனக்குத் தைரியம் சொன்ன நர்ஸ் மிஸ்ஸி, தலவாக்கலையிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்த மதினி, பெரியவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பிய லயத்து அக்காமார், பஸ் காசு சேர்த்துத் தந்த என்னோடு மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள், எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெரியம்மாவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

பிள்ளையை வாட்டில் அம்மாவிடம் விட்டுவிட்டு உடுப்பு எடுக்க வந்திருந்தேன். விடிய நாலரை மணி. விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிப் பார்த்தேன், புகைதான் வந்தது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் விறைத்தன, மூச்சு எடுக்க முடியாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் இருமல் கேட்டுத்தான் பெரியம்மா வந்திருக்க வேண்டும். ஒன்றும் விசாரிக்கவில்லை. போய்த் தன் ஊதாங்குழலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

“இப்புடி வேகமா ஊதுனா சாம்பல்தான் பறக்கும் புள்ள. மூக்கால வயிறு நெறைய இழு. அப்புறம் மெதுவா, நீட்டமா விடு.”

என் முதுகில் கையை வைத்து எண்ணினார். இழுக்க நாலு, விட ஆறு. அவரும் கூடவே மூச்சு விட்டார். பத்துத் தடவை இருக்கும். அடுப்பும் பற்றியது, என் விரல்களும் இளகின.

மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், அதனால்தான் விடும் மூச்சு நீண்டால் படபடப்பு இறங்குகிறது என்று பிறகு மிட்வைஃப் மிஸ்ஸி சொன்னார். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோமாம். பெரியம்மாவின் கணக்கில் ஆறு தடவைதான். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது இத்தனை வருஷத்து ஈர விறகு.

தனியாக உட்கார்ந்து கண்ணை மூட எங்களுக்கு நேரம் ஏது? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு ஏறும் வழியில் செய்கிறேன், கொழுந்து நிறுக்கும் வரிசையில் கூடையை இறக்கிவிட்டுச் செய்கிறேன். கடன் அப்படியேதான் இருக்கிறது, கிளினிக்குக்கும் போக வேண்டும். ஆனால் நேற்றுப் பெரியவன் கொப்பியெல்லாம் நனைத்துக்கொண்டு வந்தபோது என் கை ஓங்கவில்லை. நாலு, ஆறு. பிறகுதான் வாயைத் திறந்தேன். இனி அந்தப் பிள்ளைமேல் என் பயத்தைக் கொட்டமாட்டேன்.

மூச்சுக்கும் அடங்காத நாள் வந்தால் 1926க்கு எடுப்பேன் என்று மிஸ்ஸிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மனநல உதவி இலக்கம் அது, இரவிலும் எடுக்கலாம். என்னைப் போன்ற அம்மாமார் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா, உங்கள் ஊதாங்குழல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிய கொண்டுவருகிறேன். நீங்கள் எழும்ப வேண்டாம். அடுப்பை நானே மூட்டித் தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன்.