நாளைக்கு லாரி எத்தனை மணிக்கு வரும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

லியோன் கிடங்கு ஆபீசில் "நாளைக்கு யார், எப்போது" என்று பிரெஞ்சில் கேட்கும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது என்றாயே, அதற்காகப் பிரெஞ்சில் எதிர்காலக் கேள்வி கேட்பதைப் பற்றி எழுதுகிறேன்.

எதிர்கால வினையின் ஆறு விகுதியும் தெரிந்திருக்கட்டும். ஆனால் வேலையிடத்துக் கேள்விகளில் பெரும்பாலும் வருவது இரண்டுதான்: 'வூ'வுக்கு (நீங்கள்) 'ரே', 'இல், எல், ஓன்' (அவன், அவள், நாம்) மூன்றுக்கும் 'ரா'. அடிக்கடி வரும் வினைகள் அடியை மாற்றிக்கொள்ளும்; ஸெரே (இருப்பீர்கள்), ஓரே (உங்களிடம் இருக்கும்), இரே (போவீர்கள்), ஃபெரே (செய்வீர்கள்), பூரே (உங்களால் முடியும்), வியான்த்ரே (வருவீர்கள்) ஆறையும் அப்படியே மனப்பாடம் செய்.

'ர' சத்தத்தை விழுங்காதே. 'வூ ப்ரெபாரே' என்றால் இப்போது தயார் செய்கிறீர்கள். 'வூ ப்ரெபார்ரே' என்றால்தான் இனிமேல். ஒரு 'ர்' போனால் காலமே போச்சு.

குரலை மட்டும் உயர்த்திக் கேட்கலாம், எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் நாம் கடைசியில் குரலை இறக்கிவிட்டால் 'வூ ஃபெரே லா லிஸ்ட் பூர் தெமேன்' (நாளைக்கான பட்டியலைப் போடுவீர்கள்) கேள்வியாக இருக்காது, மேலதிகாரிக்கே கட்டளை போட்டதாகிவிடும். பழகும்வரை முன்னால் 'எஸ்க' என்ற கேள்விச் சொல்லை வைத்துக்கொள்: "எஸ்க வூ ஸெரே லா லேந்தி?" (திங்களன்று இருப்பீர்களா?) நேரம் கேட்க: "கான் தெஸ்க லெ காமியோன் அரிவ்ரா?" (லாரி எப்போது வரும்?) உதவி கேட்பதென்றால் எதிர்காலமே வேண்டாம். 'பூரியே வூ' (செய்து தர முடியுமா என்று பணிவாக) என்று கேள், 'பூரே வூ' இல்லை. பின்னது, அன்றைக்கு உங்களுக்கு முடியுமா என்று விசாரிப்பது.

'சி' என்ற இணைப்புச் சொல்லில்தான் நம்மவர்கள் வழுக்குவது. 'வாடிக்கையாளர் ரத்து செய்தால்' என்ற பொருளில் அதன் பின்னால் நிகழ்காலம்தான்: "சி லெ க்ளியான் ஆனுல், கெஸ் கோன் ஃபெரா?" (ரத்து செய்தால் என்ன செய்வோம்?) அதே 'சி', 'வருமா என்று தெரியுமா' என்ற பொருளில் வந்தால் எதிர்காலம் தாராளமாக வரும்: "ஸவே வூ சி லெ காமியோன் அரிவ்ரா அவான் மிதி?" (லாரி நண்பகலுக்கு முன் வருமா என்று தெரியுமா?) தமிழில் 'ஆல்' போட்டுப் பார், 'ஆ' போட்டுப் பார், எது என்று தெரிந்துவிடும். 'கான்' (எப்போது, போது) அப்படியில்லை, 'வரும்போது யார் கையெழுத்துப் போடுவார்' என்பதில் இரண்டு பக்கமும் எதிர்காலம்: "கான் லெ க்ளியான் அரிவ்ரா, கி சின்யெரா?"

அடுத்தது 'இரண்டு நாளில்'. சரக்கு இரண்டு நாள் கழித்து வருமென்றால் 'தான் தெ ஜூர்'. வேலை முடிய இரண்டு நாள் பிடிக்குமென்றால் 'ஆன் தெ ஜூர்'. மாற்றிச் சொன்னால் வாடிக்கையாளர் வேறு கணக்குப் போட்டுக் காத்திருப்பார். 'வெள்ளிக்குள்' என்பதற்கு 'தீசி வான்த்ரெதி'. 'லேந்தி ஆன் உய்த்' என்று யாராவது சொன்னால் வரும் திங்கள் இல்லை, அதற்கடுத்த திங்கள்.

மெயிலில் கேள்விக்காக வினையை முன்னாலும் 'இல்'லைப் பின்னாலும் திருப்பிப்போட்டு எழுதுவாயானால், 'அரிவ்ரா'வுக்கும் 'இல்'லுக்கும் நடுவில் ஒரு 'த்' நுழையும்: 'அரிவ்ரா-த்-இல்'. இரண்டு பக்கமும் சிறு கோடு போட மறக்காதே.

கேள்வி சரியாக இருந்தும் "ஓன் வெரா" என்று பதில் வரும். பார்க்கலாம் என்று அர்த்தம். நம்மூர்ப் 'பார்க்கலாம்' போலவே அதை நம்பி எதையும் குறித்துவைக்க முடியாது. சிரித்தபடியே, "வூ ஸோரே லா ரெபோன்ஸ் அவான் மிதி?" (நண்பகலுக்கு முன் பதில் கிடைத்திருக்குமா?) என்று நேரத்தைக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அப்பா
புதுச்சேரி