கயிற்றில் இறங்கி வந்த வினிகர்: ஒரு நன்றி மடல்

ரங்கூன்
2017 ஏப்ரல் 18

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் கூட்டாளிகளுக்கும்,

இந்த வருடம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. பெரிய வெள்ளியன்றே சித்திரை பிறந்தது. ஈஸ்டர் ஞாயிறு 16ஆம் தேதி, அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானின் கடைசித் தண்ணீர் நாள். ஒரு வீட்டில் ஒருசந்தி, பக்கத்து வீட்டில் பாயசம், வாசலில் ரப்பர் குழாயோடு இளவட்டங்கள். இந்தக் கூத்துக்கு நடுவில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்காக அறுபது முட்டைக்குச் சாயம் போடக் கிளம்பினேன். யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை, அதற்கே முதல் நன்றி.

தெயின்ஜி சந்தை மாமா, கடை அடைக்கும் அவசரத்திலும் மூட்டைக்கடியில் உதிர்ந்து கிடந்த வெங்காயத் தோலைச் சாக்கில் அள்ளிக் கொடுத்தீர்கள். காசு எவ்வளவு என்றதும் "குப்பைக்கா?" என்று சிரித்தீர்கள். அந்தக் குப்பைதான் அரை மணி கொதித்ததும் முட்டைக்குச் செங்கல் நிறம் கொடுத்தது. எதிர்வீட்டு அத்தை, "வாத்து முட்டையா வாங்கு, ஓடு வெள்ளையா இருக்கும்" என்றீர்கள். நான் பழுப்புக் கோழி முட்டையை வாங்கியிருந்தால் நீலமும் மஞ்சளும் பல்லை இளித்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் தரையே தெரியவில்லை. முட்டையை ஈரமாக்கி, கொத்தமல்லி இலையை ஒட்டி, பழைய நைலான் ஸாக்ஸில் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போட்டோம். பிரித்து இலையை உரித்தால், செங்கல் நிறத்தில் வெளிறிய இலை, நரம்பு வரைக்கும்! அதைப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் தூரிகையைத் தொடவே இல்லை.

அப்போதுதான் வினிகர் வாங்க மறந்தது தெரிந்தது. அது ஓட்டின் சுண்ணாம்பை லேசாக அரித்தால்தான் மற்ற சாயங்கள் நன்றாகப் பிடிக்கும். திஞ்சானுக்குக் கடையெல்லாம் அடைப்பு. பால்கனியில் நின்று புலம்பினேன். நான்காம் மாடி அமா (பர்மியத்தில் அக்கா), நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கிளிப் மாட்டிய கயிற்றில் ஒரு பை இறங்கி வந்தது. உள்ளே அரைப் புட்டி வினிகர், கூடவே வாழையிலையில் ஐந்து மொன்லோன்யேபோ, அதாவது உள்ளே வெல்லம் வைத்த அரிசிமாவு உருண்டைகள். வெல்லம் என்று நம்பிக் கடித்தேன், ஒன்றில் பச்சைமிளகாய். திஞ்சான் வேடிக்கை என்று தெரிந்தும் ஏமாந்தேன்.

உங்கள் வினிகரால் நடந்த அதிசயத்தைச் சொல்ல வேண்டும். ஊதா முட்டைக்கோசு வேகவைத்த தண்ணீரில் அதை ஊற்றியதும் தண்ணீர் ரோஜா நிறமானது. ராத்திரி முழுக்க ஊறிய முட்டைகளோ காலையில் நீலமாக வெளியே வந்தன. பூசைக்கு வந்த உபதேசியார்கூட "என்ன சாயம் போட்டாய்?" என்று மூன்று முறை கேட்டார்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போகும் வழியில் கூடையோடு நனைந்தோம். பீட்ரூட் முட்டைகள் சாயம் விட்டு என் வெள்ளைச் சேலை ரோஜா ஆனது. தண்ணீர் ஊற்றிய தம்பிகளுக்கும் நன்றிதான், பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லியே சிரிக்கிறார்கள். வெங்காயத்தோல் முட்டை மட்டும் அசரவில்லை, மாமா.

அமா, உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. எதிர்வீட்டு அத்தை வாசித்துச் சொல்வார்கள். புட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கயிற்றை இறக்குங்கள், ஒரு நீல முட்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறேன். மிளகாய் வைக்கவில்லை.

அன்புடன்,
இரண்டாம் மாடி