அது மறதி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'முகம் மறக்கும் நோய்' கட்டுரையைப் படித்தேன். அதிகம் பேர் பேசாத ஒரு விஷயத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் தலைப்பே தப்பு. இந்தக் குறை வந்த ஒருவரோடு ஐந்து வருடமாகக் குடும்பம் நடத்துகிறவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

என் கணவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பக்கவாதம் வந்தது. கை, கால், பேச்சு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பார்க்கிறவர்கள் "தப்பிச்சிட்டார்" என்றார்கள். அடிபட்டது மூளையின் பின்புறம், அடிப்பக்கமாக இருக்கும் ஒரு பகுதி. கண் கொண்டுவந்து கொடுப்பதை 'இது இன்னது, இவர் இன்னார்' என்று ஆக்கித் தருவது அந்தப் பகுதிதானாம்.

முதல் சில மாதம் பொருள்களும் தெரியவில்லை. ஒருநாள் சாவிக்கொத்தை அவர் முன்னால் நீட்டினேன். உற்றுப் பார்த்தார். "ஏதோ உலோகம். மெல்லிசா, ஓரத்துல பல்லு பல்லா இருக்கு. சீப்பா?" என்றார். லேசாக ஆட்டினேன். சத்தம் கேட்டதும், "அட, சாவி!" என்றார். அவர் வர்ணனையில் ஒரு பிழையும் இல்லை. பார்வை சரி, அறிவு சரி. இரண்டுக்கும் நடுவில் இருந்த வழிதான் போய்விட்டது. ஜெர்மன் மருத்துவர் லிசாவர் 1890-லேயே இதைப் பிரித்து எழுதிவிட்டார்: வடிவமே மனசில் கூடிவராதது ஒரு வகை, வடிவம் கூடிவந்தும் அர்த்தம் ஒட்டாதது இன்னொரு வகை. அடுத்த வருடம் இதற்கு அக்னோசியா என்று பெயர் வைத்தவர், எல்லோருக்கும் தெரிந்த மனோதத்துவ மருத்துவர் ஃப்ராய்ட்.

பொருள்கள் மெதுவாகத் திரும்பி வந்தன. முகங்கள் வரவே இல்லை. அதற்குப் புரோசோபக்னோசியா என்று பெயர். 1947-ல் போடமர் என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்தது. என்னை அவர் குரலாலும் நடையாலும் பின்னலாலும்தான் அடையாளம் வைத்திருந்தார் என்பது, நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. எழுந்து நின்று, மரியாதையாக, "யாருங்க? யாரைப் பார்க்கணும்?" என்றார். "நான்தாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லில் ஆள் மாறி, "இதென்ன கோலம்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் ஆயிற்று.

உங்கள் ஓவியர் கண் மூக்கு இல்லாமல் வழித்துவிட்ட முகங்களாக வரைந்திருக்கிறார். அப்படியும் இல்லை. எதிரில் இருப்பவருக்கு என்ன வயசிருக்கும், சிரிக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா, எல்லாம் என் கணவர் சொல்லிவிடுவார். யாருடைய சிரிப்பு என்பதுதான் தெரியாது.

கட்டுரையில் இன்னொரு குழப்பம். 'சொந்த மனைவியையே போலி என்பார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு நோய். 1923-ல் காப்கிராஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது. அங்கே முகம் நன்றாகவே தெரியும். 'அம்மா மாதிரியேதான் இருக்கிறாள், ஆனால் அம்மா இல்லை' என்பார்கள். முகத்தைப் பார்த்ததும் உள்ளே எழ வேண்டிய ஒட்டுதல் எழவில்லை, அதனால்தான் மூளை அப்படியொரு கதை கட்டுகிறது என்று மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன் விளக்கியிருக்கிறார். அவர் பார்த்த ஓர் இளைஞர், அதே அம்மாவைத் தொலைபேசியில் கேட்டால் அம்மா என்றே ஏற்றுக்கொண்டாராம். எங்கள் வீட்டு விஷயம் ஏறக்குறைய இதன் தலைகீழ். புரோசோபக்னோசியா உள்ள சிலருக்குத் தெரிந்தவர்களின் படத்தைக் காட்டி, தோலில் ஏற்படும் நுண்ணிய வியர்வை மாற்றத்தை 1980-களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 'யாரென்று தெரியவில்லை' என்று வாய் சொன்ன முகங்களுக்கும் தோல் அசைந்து கொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று கொஞ்சம் அழுதேன். ஆறுதலா, வேறென்னவா, தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1993-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை. பக்கவாதத்துக்குப் பிறகு மனித முகம் தெரியாமல் போன ஒருவர் ஆடு வளர்க்கத் தொடங்கினார். தன் மந்தையில் எந்த ஆடு எது என்று முகத்தைப் பார்த்தே சொன்னார்!

பிறவியிலேயே இப்படி இருப்பவர்களும் நூற்றில் இரண்டு பேர் வரை இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. திமிர் பிடித்தவன், கண்டும் காணாமல் போகிறவள் என்று பெயர் வாங்கியே பலர் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

'மறதி' என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டு நிற்பது சொல்லுக்காக அல்ல. அது வீட்டுக்குள் வந்து செய்கிற வேலைக்காக. மறதி என்றதும் சோதித்துப் பார்க்க ஆசை வந்துவிடுகிறது. வருகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து, "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார்கள். இவர் குரலைப் பிடிக்கப் பார்த்து, தப்பாக ஒரு பெயரைச் சொல்லி, குனிந்துகொள்கிறார். "நினைவு முழுக்கப் போயிடுச்சு போல" என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். குழந்தையிடம் பேசுவதுபோல நீட்டி நீட்டிப் பேசுகிறவர்களும் உண்டு.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே ஒரு வரி: இப்படிப்பட்டவரைப் பார்க்கப் போனால், உள்ளே நுழையும்போதே பெயரைச் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தன் பெயரையும் படித்த வருடத்தையும் சொன்னார். இவர் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. "வாடா. அந்த ஜியோமெட்ரி நோட்டை வாங்கிட்டுப் போனியே, எங்கே?"

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)