படம் பெரிதாக வரட்டும், விளக்கம் வேறு பக்கம் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிடும் விநோதப் படங்களைக் கத்தரித்துச் சேர்த்து வைப்பவர்களில் டேபிள்டாப் விளையாட்டுக்காரர்களும் உண்டு. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு படம் எடுத்து, அதைப் பார்த்து ஒரு கதாபாத்திரத்துக்கு ஓர் அதிசய சக்தியைக் கற்பித்து, அந்தச் சக்தியோடு கதைக்குள் இறங்கும் ஆட்டம் இது. இதற்கு உங்கள் படங்களைவிட நல்ல சரக்கு கடையில் கிடைப்பதில்லை. ஆனால் படத்தின் அடியிலேயே அச்சாகும் விளக்க வரி ஆட்டத்தைக் கெடுத்துவிடுகிறது. அதை வேறு பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியாகப் பரவியது. விநோதப் படங்களை வைத்து ஆடும் ‘டிக்ஸிட்’ 2008-ல் பிரான்ஸிலிருந்து வந்தது. 2010-ல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதைப் பெற்றது. அதன் 84 அட்டைகளில் ஒன்றில்கூட விளக்கம் கிடையாது. படம் எதைப் பற்றியது என்று யாரும் சொல்லாததால்தான் அந்த ஆட்டமே நடக்கிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மீன்பாடி வண்டியில் கண்ணாடி பதித்த பீரோ ஒன்றைக் கயிற்றால் கட்டி நிற்கவைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் எதிர்ப்பக்கத் தெரு தெரிகிறது: டீக்கடை, ஒரு நாய், பாதி சைக்கிள். கீழே ‘வீடு மாறும் குடும்பம்’ என்று ஒரு வரி இருந்தால், மேசையில் இருக்கும் ஐந்து பேரும் வீடு மாறுவதைப் பற்றியே பேசுவார்கள். வரி இல்லாவிட்டால் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் மீதிப் பாதி சைக்கிள் எங்கே என்று கேட்பார்.

அந்தப் பேச்சையும் பக்குவமாக நடத்த வேண்டும். முதலில் வாய் திறப்பவர் சொல்வது மற்றவர்கள் கண்ணையும் கட்டிப்போடும். அதனால் படம் வந்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல், கண்ணில் பட்டதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். சக்தியைப் பற்றி அப்போது எழுதக் கூடாது. பிறகு வயதில் சிறியவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும்போது இந்த வரிசை ரொம்பவே முக்கியம். அப்பா முதலில் சொல்லிவிட்டால் பிள்ளை அதையேதான் திருப்பிச் சொல்லும்.

அதற்கப்புறம்தான் சக்தி. பீரோ படத்துக்கு எல்லோரும் முதலில் சொல்வது, ‘கண்ணாடியில் தெரியும் எதையும் கைவிட்டு எடுத்துவிடலாம்’ என்பது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நகைக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினால் வேலை முடிந்ததே! எனவே குறுக்க வேண்டும். பீரோ கதவுக்குள் நுழையும் பொருளை மட்டுமே எடுக்கலாம். ஒரு கண்ணாடியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். எடுக்கும் பொருள் பிம்பத்தில் இருப்பதுபோலவே இடம் வலம் மாறி வெளியே வரும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் ருசி இருக்கிறது. எடுத்த கடிதத்தில் எழுத்தெல்லாம் திரும்பியிருக்கும். கைக்கடிகாரத்தின் முள் பின்னோக்கிச் சுற்றும். சாவியை எடுத்தால் அதன் வெட்டும் பள்ளமும் பக்கம் மாறியிருப்பதால் பூட்டுக்குள் நுழையாது. ஆட்டக்காரர்கள் யோசிப்பார்கள். அந்தத் திரும்பிய சாவியை இன்னொரு கண்ணாடி முன் காட்டினால் அதன் பிம்பம் சரியான சாவிதானே? அதை எடுத்தால் பூட்டு திறக்கும். உடனே தெருவில் இரண்டாவது கண்ணாடியைத் தேடிக் கிளம்புவார்கள். கதை ஒரு சலூனுக்குள் போய் நிற்கும். மேசையில் கதையை முன்னெடுத்துச் சொல்லும் கதை நடத்துபவர் இதில் எதையும் திட்டமிட்டிருக்க மாட்டார். ‘எதையும் எடுக்கலாம்’ என்று விட்டிருந்தால் சலூனும் இல்லை, கதையும் இல்லை.

பறப்பது, மறைவது, நேரத்தை நிறுத்துவது ஆகியவை ஏன் சலிக்கின்றன என்பதும் இதிலிருந்தே புரியும். நேரத்தை நிறுத்துபவர் ஆடும்போது மற்ற நால்வரும் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். மனதைப் படிப்பவர் இருந்தால் துப்புத் துலக்கும் கதையே நடக்காது. அதையே ‘எதிரில் இருப்பவர் மனதில் இப்போது ஓடும் பாட்டு மட்டும் கேட்கும்’ என்று சுருக்கிப் பாருங்கள். சாவு வீட்டில் ஒருவர் மனதுக்குள் குத்துப்பாட்டு ஓடுகிறது என்றால், அவரை விசாரிக்காமல் யார் விடுவார்கள்?

படத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், மாமல்லபுரத்தில் பெரும் பாறைச் சிற்பத்தின் கீழே ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். ‘இப்படியே நிற்கும்வரை யாரும் இவரைச் சந்தேகிக்க மாட்டார்கள், கால் அசைந்தால் அதுவரை வராத சந்தேகமெல்லாம் சேர்ந்து வரும்’ என்பது அருமையான சக்தி. தாராசுரத்தில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலையைச் செதுக்கிய ரிஷப குஞ்சரம் இருக்கிறது. ஓர் உடலைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. இதை இரண்டு ஆட்டக்காரர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம்: ஒருவர் பாரிமுனையிலும் ஒருவர் தாம்பரத்திலும் இருந்தாலும் ஒருவர் பார்ப்பது மற்றவருக்கும் தெரியும், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சாமி உருவங்களை மட்டும் வெட்டி ஒட்ட வேண்டாம். கீழே சிந்திய டீயில் அட்டை நனைந்தாலே பல வீடுகளில் மனம் வருத்தப்படும்.

சக்தி பலிக்கிறதா இல்லையா என்பதைப் பகடை உருட்டித்தான் முடிவுசெய்வோம். அதற்கு இருபது பக்கப் பகடை தேடி அலைய வேண்டியதில்லை, வீட்டுத் தாயக்கட்டை போதும். கட்டைக்கு 0, 1, 2, 3 என நான்கு பக்கம். இரண்டு கட்டைக்கு 16 விதமான விழுகை. தாயம் (அதாவது ஒன்று) 2 விதத்திலும், ஐந்து 2 விதத்திலும், ஆறும் பன்னிரண்டும் (இரண்டு கட்டையிலும் 0 விழுந்தால் பன்னிரண்டு) ஒவ்வொரு விதத்திலும் விழும். ஆக, தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் (16-க்கு 6) சக்தி முழுதாகப் பலிக்கும். இரண்டும் நான்கும் (அதுவும் 16-க்கு 6) விழுந்தால் பலிக்கும், ஆனால் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும். மூன்று விழுந்தால் (16-க்கு 4) பலிக்காது. நடுவிலுள்ள ‘பலிக்கும், ஆனால்’ தான் கதையை வளர்ப்பது. அதை விட்டுவிட்டு வெற்றி, தோல்வி என்று மட்டும் ஆடினால் சப்பென்று இருக்கும்.

அட்டை செய்வதில் பலரும் சறுக்குகிறார்கள். 8 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் கைக்கு அடங்கும் அளவு. ஐந்து பேர் ஆட 30 அட்டை போதும். ஆளுக்கு மூன்று கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஆண்டர்சன் தெருவில் தடித்த அட்டை வாங்கலாம், ஆனால் பழைய கல்யாணப் பத்திரிகை அதைவிட நல்லது. பிள்ளையார் அச்சிட்ட மேல் பக்கத்தை விட்டு உள்பக்க அட்டையை எடுங்கள், அதுவும் அடர்ந்த அரக்கு நிறமாக இருந்தால் நல்லது. செய்தித்தாள் மெல்லியது, வெள்ளை அட்டையில் ஒட்டினால் பின்பக்க எழுத்து படத்தின் மேல் நிழலாகத் தெரியும். அடர்நிற அட்டையில் ஒட்டினால் படம் சற்று மங்கினாலும் அந்த எழுத்து அடங்கிவிடும். மைதாப் பசையில் தண்ணீர் அதிகம் என்பதால், காயும்போது தாள் சுருங்கி அட்டையை வளைத்துவிடும். க்ளூ ஸ்டிக் உத்தமம். பின்பக்கத்திலும் அதே தாளில் ஒரு துண்டை ஒட்டினால் இழுப்பு இரண்டு பக்கமும் சமமாகும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய அட்டை அப்பளம்போல வளையும். லேமினேஷன் வேண்டாம், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுப் படமே தெரியாது.

கம்ப்யூட்டர் நொடியில் வரைந்து தரும் விநோதப் படங்கள் இருக்க, செய்தித்தாள் படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் படங்களில் எல்லாமே விநோதமாக இருக்கும். வானம் ஊதா, மீனுக்குச் சிறகு, வீட்டுக்குக் கால். எதைப் பிடித்துக் கேள்வி கேட்பது என்று தெரியாமல் பேச்சு நின்றுவிடுகிறது. உங்கள் புகைப்படக்காரர் எடுப்பதில் தெரு வழக்கமான தெரு, டீக்கடை வழக்கமான டீக்கடை, ஒன்றே ஒன்று மட்டும் இடம் மாறி நிற்கிறது. கண் அங்கேதான் போகும்.

எனவே எங்கள் வேண்டுகோள்: வாரம் ஒரு படம், மேலே சொன்ன அளவில், அடியில் விளக்கம் இல்லாமல் வரட்டும். எடுத்தவர் பெயர் ஓரத்தில் இருக்கட்டும், அவர் உழைப்பு அது. விவரத்தைக் கடைசிப் பக்கத்தில் போடுங்கள். ஆட்டம் முடிந்தபின் உண்மையைப் படிப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. விபத்துப் படமோ, முகம் தெளிவாகத் தெரியும் தனிமனிதர் படமோ இதற்கு வேண்டாம். படத்தின் பின்பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் படத்துக்கு ஒருவரும் கட்டத்துக்கு ஒருவரும் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
டேபிள்டாப் விளையாட்டு ஆர்வலர்கள் சிலர்,
சென்னை